ஆளும் உரிமையைக் கொடுத்தது யார்?

அய்யா துணை



தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. எங்கள் நிழல் தாங்கலில் உச்சிப்படிப்பு முடிந்து, அன்னதர்மத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தோம். கல்லூரியில் படிக்கிற ஒரு பையன் கூடமாடப் பாய் விரித்தபடியே என்னிடம் கேட்டான்.

"மாமா, இது கலி ஆட்சின்னு ஏட்டுல வாசிக்கோம். கலியனை அழிக்கத்தான் அய்யா வந்தாருன்னு சொல்லுதோம். அப்ப நாளைக்கு நான் போய் விரல்ல மை வச்சா, அது கலிக்குத் துணை போறது இல்லியா?"

நான் வாய் திறக்குமுன் தூண் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பதில் சொல்லிவிட்டார். "ஆளுகிறவனை ஆண்டவன்தான் வைக்கிறான். அவன் நினைக்காம ஒருத்தன் நாற்காலியில இருக்க முடியுமா? வாறவனுக்குப் போட்டுட்டுப் போ மக்கா" என்றார்.

ஒருவர் ஆட்சி முழுவதையும் கலியன் கையில் கொடுக்கிறார். மற்றவர் முழுவதையும் கடவுள் கையில் கொடுக்கிறார். இரண்டிலும் நமக்கு வேலை ஒன்றும் இல்லை. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. சோறு பரிமாற வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அதற்குப் பிறகு ஏட்டைத் திரும்பப் படித்தும், நம் நாட்டுச் சரித்திரத்தைப் பார்த்தும் விளங்கிக்கொண்டதை இந்தப் பாடத்தில் எழுதுகிறேன்.

அந்தப் பெரியவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. நம் மொழியிலேயே அந்த எண்ணம் ஊறிக் கிடக்கிறது. 'இறை' என்றால் கடவுள். 'இறை' என்றால் அரசன். 'இறை' என்றால் அரசனுக்குக் கொடுக்கிற வரியும்கூட. வரி இல்லாத நிலத்தை இறையிலி என்று கல்வெட்டுகளில் எழுதினார்கள். கோயில் என்ற சொல் அரசன் வீட்டுக்கும் உண்டு, ஆண்டவன் வீட்டுக்கும் உண்டு. அரசனைத் திருமாலின் அம்சம் என்று முன்னோர் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆள்பவன் திருமாலைப் போலக் காக்க வேண்டும் என்று சொல்ல வந்திருப்பார்கள். ஆனால் கேட்ட அரசன் காதில், 'நீ திருமால், உன்னை யாரும் கேட்க முடியாது' என்றுதான் விழுந்தது.

அப்படி விழுந்ததற்கு உலகத்திலேயே தெளிவான சாட்சி நம் சொந்தத் திருவிதாங்கூர்தான்.

1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா வாளால் நாட்டைப் பெருக்கினார். சின்னச் சின்ன நாடுகளைப் பிடித்தார், எட்டு வீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கினார். பிடித்த நாட்டை எப்படி நிலைநிறுத்துவது? 1750ஆம் ஆண்டு ஜனவரி மாதம் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் தன் உடைவாளைக் கொண்டுபோய்ச் சந்நிதியில் வைத்தார். நாடு முழுவதையும் பத்மநாபனுக்கே தானமாக எழுதிக் கொடுத்தார். பிறகு அதே வாளை, பத்மநாபனின் அடியானாக, திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். திருப்படித்தானம் என்று அதற்குப் பெயர். அன்று முதல் திருவிதாங்கூர் மன்னர்கள் எல்லாரும் பத்மநாபதாசர்கள். நாடு சாமியுடையது, மன்னன் வெறும் காரியஸ்தன்.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் பெரிய பக்தி. பக்தி இல்லை என்று சொல்ல நாம் யார்? ஆனால் அதில் அடங்கிய இன்னொரு காரியத்தையும் பார்க்க வேண்டும். நாடு மன்னனுடையது என்றால் மன்னனை எதிர்ப்பது ராஜத் துரோகம். நாடு சாமியுடையது என்றால் மன்னனை எதிர்ப்பது சாமித் துரோகம். கேள்வி கேட்கிற வாய் ஒரே நாளில் பாவம் செய்த வாயாகிவிட்டது. வரி கேட்டு வருகிறவன் பத்மநாபனின் ஆள். ஊழியத்துக்கு இழுத்துப் போகிறவனும் பத்மநாபனின் ஆள்.

அந்த ஆட்சியில் நம் முன்னோர் என்ன பட்டார்கள் என்பது இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். தலைக்கு வரி, பனைக்கு வரி. கூலி இல்லாமல் ஊழியம். பெண்கள் மாரை மறைக்கத் தடை. ஆண்கள் தலையில் துண்டு கட்டத் தடை. மேல்சாதிக்காரர் வந்தால் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். இவ்வளவும் பத்மநாபன் பெயரால் நடந்த ராஜ்ஜியத்தில். இதில் வேடிக்கை என்னவென்றால், யார் பெயரால் வரி வாங்கினார்களோ அந்தச் சாமியைப் பார்க்க வரி கொடுத்தவன் உள்ளே போக முடியாது. அந்தக் கதவு திறக்க 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேச விளம்பரம் வரவேண்டியதாயிற்று. நாட்டைச் சாமிக்கு எழுதிக் கொடுத்து 186 வருஷம் கழித்து!

இனி அகிலத்திரட்டு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நாராயணர் அனந்தபுரத்தில் இருந்தபோது, சான்றோர் மக்களை வாட்டாதே என்று நீசனுக்குப் புத்தி சொல்கிறார். நீசன் கேட்கவில்லை. நாராயணர் அனந்தபுரத்தை விட்டுத் திருச்செந்தூருக்குப் போய்விடுகிறார். இதை நாம் எத்தனை முறை வாசித்திருப்போம்! கார்த்திகையில் பதினேழு நாளும் ஏடு கேட்கிறோம். ராகத்தோடு கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறோம். நின்று யோசித்தால் இந்த ஒரு இடம் போதும். மன்னன் சொல்கிறான், 'நாடு சாமியுடையது, நான் அவன் ஆள்' என்று. அகிலம் சொல்கிறது, 'அந்தச் சாமி அங்கே இல்லை' என்று. வாள் இருந்தது, கோயில் இருந்தது, பூசை நடந்தது. பெயர் கொடுத்தவர் மட்டும் புறப்பட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பெயரால் வாங்கிய வரி யாருக்கு வாங்கிய வரி?

இன்னும் ஒரு இடம். கலியனுக்குப் பலம் எங்கிருந்து வந்தது? அவன் தானாகச் சம்பாதிக்கவில்லை. சிவனிடம் வரம் கேட்டு வாங்கினான். கேட்டதெல்லாம் கிடைத்தது. அவன் அதிகாரம் மேலிருந்துதான் வந்தது, அதை ஏடு மறைக்கவில்லை. ஆனால் வரம் கடவுள் கொடுத்தது என்பதனால் அவன் செய்ததெல்லாம் தர்மம் ஆகிவிட்டதா? இரணியனும் இராவணனும்கூட வரம் வாங்கினவர்கள்தானே. தூண் பக்கத்துப் பெரியவரிடம் இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். 'ஆண்டவன் வைக்காமல் ஒருவன் நாற்காலியில் இருக்க முடியுமா' என்று கேட்டீர்களே, அய்யா. இருக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். கலியனும் அப்படித்தான் இருந்தான். அதனால் அவன் யோக்கியன் ஆகவில்லை.

வரம் வாங்கித் திரும்பிவந்த கலியன் முன்னால் நாராயணர் பண்டாரமாக வந்து நின்றார். பண்டாரத்தைத் தொந்தரவு செய்யமாட்டேன், செய்தால் எல்லாம் இழப்பேன் என்று கலியன் ஆணையிட்டான். ஆயுதமில்லாமல் பிச்சைக்கோலத்தில் நிற்கிறவனைத் துன்புறுத்தினால் உன் அதிகாரம் போயிற்று. கலியனுடைய ஆட்சிக்குக்கூட இப்படி ஒரு நிபந்தனை இருந்தது. வைகுண்டர் பண்டாரக் கோலத்தில் வந்தபோது நீசன் அந்த நிபந்தனையைத்தான் முறித்தான்.

1838இல் அய்யாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சுவாதித் திருநாள் ஆண்ட காலம். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். புலியின் முன்னால் விட்டார்கள், என்னென்னவோ சோதனை செய்தார்கள். அரசவையில் இடையர் குலத்துப் பூவண்டர் ஒருவர் மட்டும், இவரைத் துன்புறுத்துவது நியாயமல்ல என்று மன்னனிடமே சொன்னார். பத்மநாபதாசனுடைய சபையில் தர்மம் ஒரு மனிதன் வாயில் இருந்தது. கடைசியில் ஒரு சமாதானம் பேசினார்கள். உன் சொந்தச் சாதிக்குள் மட்டும் இருந்துகொள்வேன் என்று எழுதிக் கொடு, விட்டுவிடுகிறோம் என்றார்கள். அய்யா எழுதிக் கொடுக்கவில்லை. தாம் குறித்த நாளில், 1839 மார்ச்சில், மாசி மாதம், வெளியே வந்தார். மக்கள் வாகனத்தில் ஏற்றிச் சுமந்துகொண்டு வந்தார்கள்.

அந்தத் தாளில் ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எழுதிக் கொடுத்தால் விடுதலை. சாதிக்குள் தானே அதிக வேலை இருந்தது? எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், யார் யாரோடு பழகலாம், யார் யாருக்குச் சொல்லலாம் என்று தீர்மானிக்கிற உரிமை மன்னனுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகும். அய்யா சிறையை ஒப்புக்கொண்டார், அந்த உரிமையை ஒப்புக்கொள்ளவில்லை.

அய்யாவின் பிறப்பிலேயே இந்த வழக்கு தொடங்கிவிட்டது. 1809இல் பிறந்த பிள்ளைக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்ந்த குடியில் பிறந்தவனுக்கு முடியும் பெருமாளும் சேர்ந்து ஒரு பெயரா என்று தடுத்தார்கள். முத்துக்குட்டி என்று மாற்றவேண்டி வந்தது. ஒரு குழந்தையின் பெயரில்கூடக் கிரீடம் இருக்கக் கூடாது!

பிற்காலத்தில் அய்யா தம் மக்களுக்கு என்ன செய்தார்? பதிக்குள் வருகிற ஆண்மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். மற்ற கோயிலில் தலைத்துண்டை எடுக்கிறோம், நம் பதியில் கட்டுகிறோம். பனையேறி, கூலிக்காரன், கடனாளி யாராக இருந்தாலும் தலையில் கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறான். உள்ளே பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அதில் தலைப்பாகை கட்டிய தன்னையே பார்க்கிறான். முடியை ஒருவன் தலையில் வைக்காமல் எல்லார் தலையிலும் வைத்தவர் அய்யா. எந்த அரசனுக்கும் கூலியற்ற ஊழியம் செய்யக் கடன்பட்டவர்கள் அல்ல என்று அந்த மக்களுக்கு உணர்த்தியவரும் அவர்தான். குடிமக்களுக்கு உரிமை என்ற சொல்லே இந்தப் பக்கத்தில் கேள்விப்படாத காலம் அது.

வெண்ணீசனையும் இங்கே விட்டுவிடக் கூடாது. கம்பெனியிடமிருந்து ஆட்சியை எடுத்துக்கொண்டு 1858இல் விக்டோரியா ராணி வெளியிட்ட விளம்பரமும் கடவுள் கிருபையால் ராணி என்றுதான் தொடங்கியது. அவர்கள் நாட்டிலேயே அந்தப் பேச்சு செல்லாமல் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடவுளைத் தவிர யாருக்கும் பதில் சொல்லமாட்டேன் என்ற முதலாம் சார்லஸ் மன்னனை 1649இல் அந்த நாட்டாரே தலையை வெட்டிவிட்டார்கள். வீட்டில் செல்லாத காசை இங்கே கொண்டுவந்து மாற்றினார்கள்.

அதற்கு அடுத்த வருஷம், 1859 ஜூலை 26, நம் தாய்மார் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் மன்னர் உத்தரவு போட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாக அடிபட்டு, துணி கிழிக்கப்பட்டு, வீடு எரிக்கப்பட்டு மக்கள் நின்ற நிலையினால் வந்த உத்தரவு அது. தெய்வம் வகுத்த ஆசாரம் என்று அதுவரை சொன்னது ஒரு தாளில் மாறிவிட்டது. தெய்வம் வகுத்திருந்தால் தாளில் மாறுமா?

மன்னராட்சி போன கதையும் இந்த விஷயத்துக்குச் சேர்ந்ததே. 1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று தேர்தல் நடந்தது. 1904இல் ஏற்படுத்திய ஸ்ரீமூலம் பிரஜா சபையில் நிலவரி நிறையக் கட்டுகிறவனுக்கும் வருமானம் உள்ளவனுக்கும்தான் இடம். 1948இல்தான் ஒன்றுமில்லாதவனும், அவன் பெண்டாட்டியும் வரிசையில் நின்றார்கள். இந்தியா முழுவதும் முதல் பொதுத்தேர்தல் நடந்த 1951–52க்கு முன்னாலேயே நம் பாட்டிமார் ஓட்டுப் போட்டவர்கள். 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது சித்திரைத் திருநாள் மகாராஜா ராஜப்பிரமுகர் ஆனார். அப்போதும், நான் பத்மநாபனின் தாசன், வேறு பதவிப் பிரமாணம் எடுக்க முடியாது என்றார் அவர். ஆலயக் கதவைத் திறந்துவிட்ட நல்ல மனிதர்தான். ஆனாலும் 1750இல் வைத்த வாள் அவர் மனசில் அப்படியே இருந்தது.

அதே 1949, அக்டோபர் 17. டில்லியில் அரசியல் நிர்ணய சபை. அரசியல் சட்டத்தின் முகப்புரையை எப்படித் தொடங்குவது என்று பேசுகிறார்கள். எச்.வி. காமத் என்ற உறுப்பினர், கடவுள் பெயரால் என்று தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். பக்திமான்கள் நிறைந்த சபை. எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் நம் திருவிதாங்கூர்க்காரர், பட்டம் தாணுபிள்ளை. கடவுளை நம்புகிறவர்தான். ஆனால் இப்படி எழுதினால் அது நம்பிக்கையில் கட்டாயப்படுத்துவதாகும் என்றார். ஓட்டுக்கு விட்டார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுள் பெயரில் அல்ல, மக்கள் பெயரில் நம் சட்டம் தொடங்கியது. பதவி ஏற்கிறவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இரண்டு வழியும் அதே சட்டத்தில் வைத்தார்கள்.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. கடவுள் பெயர் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு அனந்தபுரத்தை நினைத்துப் பார்த்தேன். கடவுள் பெயர் ஆட்சியின் தலையில் எழுதியிருந்த நாடு எப்படி இருந்தது என்பதை 41 பேரை விடவும் 68 பேரை விடவும் நன்றாகத் தெரிந்தவர்கள் நாம்.

ஆனால் மக்கள் கொடுத்த அதிகாரம் என்றவுடன் எல்லாம் சுத்தமாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். கடவுள் பெயரால் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பேசிய அதே பட்டம் தாணுபிள்ளைதான், 1954 ஆகஸ்ட் 11 அன்று திருவிதாங்கூர்–கொச்சியின் முதலமைச்சர். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்ட மக்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அன்றைக்குத் துப்பாக்கிச் சூடு நடந்தது. குமரி மாவட்டத்தில் இதை யாரும் மறக்கவில்லை. அவர் மன்னன் இல்லை, தாசன் இல்லை, தேர்தலில் நின்று வந்தவர். கலி, கிரீடத்தில் மட்டும்தான் உட்காரும் என்று இல்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. இரண்டு வருஷத்தில், 1956 நவம்பர் 1, நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. மக்கள் கொடுத்ததை மக்கள் திரும்பக் கேட்டார்கள். சாமிக்கு எழுதிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாமல் எத்தனை தலைமுறை செத்துப் போயிற்று!

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு வந்த விளக்கத்தில் பாதி அதிலிருந்துதான் வந்தது.

சில வருஷங்களுக்கு முன் உள்ளாட்சித் தேர்தல் நேரம். ஒரு வேட்பாளர் எங்கள் தாங்கலுக்கு வந்தார். யார், என்ன கட்சி என்பது வேண்டாம். நன்கொடையும் கொடுத்தார். பணிவிடை செய்கிறவன் என்ற முறையில் நானே நாமம் இட்டேன். அதுவரை சரி, யார் வந்தாலும் இடுவதுதான். கூட வந்தவர்கள் ஒலிபெருக்கியை வாங்கி, "அய்யா இவருக்கு முடிசூட்டிவிட்டார், இது அய்யாவின் உத்தரவு" என்று ஊருக்கே கேட்கும்படிச் சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அது தப்பு என்று அப்போதே உள்ளே உறுத்தியது. கூரை வேலை பாக்கி கிடந்தது, அந்த நன்கொடை கையில் இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

அவர் ஜெயித்தார். அடுத்த கோடையில் கிழக்குத் தெருவில் தண்ணீர்க் குழாயில் காற்றுதான் வந்தது. பெண்கள் குடத்தோடு போய்க் கேட்டபோது அவர் சொன்ன பதில் தாங்கல் வரைக்கும் வந்தது. "இது அய்யா தந்த பதவி. நான் அவருக்குப் பதில் சொல்லிக்கிடுவேன், உங்களுக்கு என்ன?"

அன்று சாயங்காலம் பணிவிடைக்கு வந்த ஒரு வயதான அம்மா குடத்தைக் கிணற்றுத் திண்டில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். "மக்கா, அந்த ஆளுக்குப் பதவியை அய்யாவா குடுத்தாரு? எனக்க விரல்லதான மை வச்சாவ. வரிசையில ஒண்ணரை மணிக்கூறு நின்னது நான்தான? அய்யா குடுத்தாருன்னு மைக்குல சொன்னப்ப நீ பக்கத்துல நின்னியே" என்றார்கள்.

எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. மார்த்தாண்ட வர்மா பெரிய கோயிலில் செய்ததை, ஒரு கூரைக்காக எங்கள் சின்னத் தாங்கலில் நான் செய்யவிட்டிருக்கிறேன். ஓட்டுக் கொடுத்தவள் கையிலிருந்து கேள்வியைப் பிடுங்கிச் சாமி கையில் கொடுத்தாயிற்று. சாமி எங்கே போனார் என்று ஏடு முன்னாலேயே சொல்லிவிட்டது.

சிலர் கேட்கலாம்: தர்மயுகத்தில் அய்யாதானே ஆளப்போகிறார், ஏடு பட்டாபிஷேகத்தில்தானே முடிகிறது, அப்படியானால் ஆட்சி கடவுளுடையதுதானே என்று. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஒரு குடைக்குள் அய்யா ஆள்வார். ஆனால் அய்யா ஆளும்போது அய்யாவே ஆள்வார். அதுவரை ஆண்டுகொள் என்று யாருக்கும் அவர் முக்தியார் எழுதிக் கொடுக்கவில்லை. மன்னனுக்கும் இல்லை, மந்திரிக்கும் இல்லை, ஊராட்சித் தலைவருக்கும் இல்லை, நாமம் இடுகிற எனக்கும் இல்லை. அவர் மக்களிடம் கொடுத்துவிட்டுப் போனது தலைப்பாகையும் தர்மமும். தாழ்ந்து கிடக்கிறவனைக் காப்பதே தர்மம் என்று வைத்தார். ஆள்கிறவனை அளக்கிற கோல் அதுதான். அந்தக் கோல் நம் கையில் இருக்கிறது, அவன் கையில் இல்லை.

இனி அந்தப் பையனுக்குப் பதில். தம்பி, ஓட்டுப் போடுவது கலிக்குத் துணை போவது அல்ல. ஓட்டை விற்பது துணை போவது. ஐந்நூறு ரூபாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவன் குழாயில் தண்ணீர் வராதபோது என்ன கேட்பான்? சாமி பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்பவனுக்கு அந்தச் சாமி பெயருக்காகவே போடுவதும் துணை போவதுதான். ஆட்சி முழுவதும் கலி என்று ஒதுங்கி வீட்டில் இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஊழியத்துக்குப் போகாதே என்று அய்யா சொன்னது ஒதுங்கியிருக்கச் சொன்னது அல்ல. நிமிர்ந்து நிற்கச் சொன்னது. யாருக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அதைத் தாங்கலில் சொல்லவும் கூடாது. போட்ட பிறகு போய்க் கேள். அது உன் பாத்தியம்.

தூண் பக்கத்துப் பெரியவரிடமும் பேசினேன். அவர் முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் அவன் செயல்தானப்பா" என்றார். சரி, அவன் செயல் என்றால், கிழக்குத் தெரு அம்மாவை என்னிடம் கேட்கவைத்ததும் அவன் செயல்தானே என்றேன். சிரித்துக்கொண்டார்.

இப்போது எங்கள் தாங்கலில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து எந்த வேட்பாளரிடமும் நன்கொடை வாங்குவதில்லை. ஒலிபெருக்கியை அவர்கள் கையில் கொடுப்பதில்லை. வருகிறவர் வரலாம். சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி, நாமம் வாங்கி, கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பந்தியில் மற்றவரோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகலாம். கூரையில் இரண்டு இடத்தில் இன்னும் ஒழுகுகிறது. ஆவணிக்குள் ஊர்மக்கள் பிடியரிசி எடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று அந்த அம்மாதான் சொல்லியிருக்கிறார்கள்.

அய்யா உண்டு.